எடை 104 கிலோ, சைக்கிள் 3,200 ரூபாய்

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, டாக்ஸும் இல்லை. சைக்கிள். கடைசில கணக்குலதான் வந்து நிக்கும், பயப்படாதீங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆடிட் சீசன் முடிஞ்சதும் எடை பார்த்தேன், 104 கிலோ. மூணு மாச சராசரி சுகர் 6.3. "பார்டர்ல இருக்கீங்க"ன்னார் டாக்டர். பயந்துபோய் அன்னிக்கு சாயங்காலமே 18,000 ரூபாய்க்கு ஒரு கியர் சைக்கிளை நோ காஸ்ட் இ.எம்.ஐ.ல வாங்கிட்டேன். நோ காஸ்ட்ங்கறது பேர்தான். வட்டியை விலையில தள்ளுபடியா கழிச்சுக் காட்டுவாங்க. ஆனா அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி.யும், ப்ராசஸிங் ஃபீஸ் இருந்தா அதுவும் நம்ம தலையிலதான். ஒரு சி.ஏ.வே அதைப் படிக்காம ஓகே அமுக்கினேன்.

முதல் நாள் தெருவுல ஒரு பையன், "அங்கிள், சைக்கிள் பாவம்"னான். சிரிச்சுட்டு வந்துட்டேன். அஞ்சு வாரத்துல பின் வீல்ல மூணு தடவை ஸ்போக்ஸ் கம்பி உடைஞ்சது. அப்புறம் சைக்கிள் பால்கனியில துண்டு காயப்போடத்தான் பயன்பட்டுது. கடைசில 7,500க்கு வித்தேன். நஷ்டம் 10,500. மொத்தம் ஓட்டினது 14 நாள். அதாவது ஒரு நாளைக்கு 750 ரூபாய்!

ஏன் உடையுதுன்னு புரிய வெச்சவர் எங்க ஏரியா சைக்கிள் கடை அண்ணன். நம்ம எடையில பெரும்பகுதி பின் வீல்லதான் இறங்குது. வீல் சுத்தும்போது ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து, இறுகி, மறுபடி தளருது. கம்பிகள் ஒரே அளவா இறுகலைன்னா, ஹப் பக்கம் வளைவுல ஒண்ணு உடையும். அதோட பாரம் பக்கத்துக் கம்பிக்குப் போகும், அடுத்து அது உடையும். கியர் சைக்கிள்ல இன்னொரு சிக்கல். வலது பக்கம் பல்சக்கரங்களுக்கு இடம் விடணும்ங்கறதால, ரெண்டு பக்கக் கம்பியும் சமமா பாரம் தாங்காது. சிங்கிள் ஸ்பீடுல இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி. சென்னை மாதிரி சமதரை ஊருக்குக் கியரே பெருசா தேவைப்படாது. மேம்பாலம் வந்தா இறங்கித் தள்ளுங்க, யாரும் ஃபைன் போடமாட்டாங்க.

அடுத்து 3,200க்கு செகண்ட் ஹேண்டுல ஒரு ஸ்டீல் ஃப்ரேம் சைக்கிள் வாங்கினேன். சஸ்பென்ஷன் கிடையாது. (மலிவான சைக்கிள்ல சஸ்பென்ஷன்னா பெரும்பாலும் கூடுதல் எடைதான்.) ஃப்ரேம் மேல செலவு பண்ணலை, பின் வீல் மேல பண்ணினேன்: 36 கம்பி, டபுள் வால் ரிம், கையால கோத்துக் கட்டினது 1,500. டயர், ட்யூப் 900. அகலமான சீட்டும் பிரேக் கட்டையும் 600. ஆக மொத்தம் 6,200. முதல் 100 கிலோமீட்டர் ஓட்டினதும் திரும்பப் போய் பெண்டு எடுத்து, கம்பிகளை இறுக்கிக்கணும். இதை மட்டும் விட்டுடாதீங்க.

புதுசுதான் வேணும்னா, மேனுவல்ல எடை வரம்பைப் பாருங்க. பல மாடல்ல 100 கிலோன்னு போட்டிருக்கும், அதுல உங்க லேப்டாப் பேகும் டிபன் பாக்ஸும் அடக்கம். பில்லையும் பாருங்க: 2025 செப்டம்பர் 22லேர்ந்து சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12% இல்லை, 5%.

காத்து விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். டயர் பக்கவாட்டுல அளவு அச்சடிச்சிருக்கும், நம்ம மாதிரி ஆளுங்க பின் டயர்ல அதோட மேல் அளவை ஒட்டி வெச்சுக்கறது நல்லது. பள்ளம் வந்தா சீட்லேர்ந்து லேசா எழுந்துக்கங்க. சீட் உயரம், பெடல் கீழ இருக்கும்போது குதிகாலை வெச்சா கால் நேரா இருக்கற அளவுக்கு வேணும். பயத்துல சீட்டைத் தாழ்த்தி வெச்சு ஒரு மாசம் மூட்டு வலியோட அலைஞ்சேன். பி.பி., மூட்டுப் பிரச்சினை இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

முதல் வாரம் நான் போனது தினம் 2 கிலோமீட்டர். டீக்கடை வரைக்கும், டீ குடிக்காம. இப்போ ஆபீஸுக்குப் போக வர 14. இதுவரைக்கும் 210 நாள் ஓட்டியாச்சு, நாள் ஒண்ணுக்கு 30 ரூபாய்க்கும் கீழ வந்திருக்கு. எடை 93. போன டெஸ்ட்ல சுகர் 5.9. சைக்கிளால மட்டும்னு சொல்லமாட்டேன், ராத்திரி பரோட்டாவையும் நிறுத்தியிருக்கேன். டாக்டர் ஆறு மாசம் கழிச்சு வரச்சொல்லியிருக்கார். பின் வீல்ல இன்னும் ஒரு கம்பிகூட உடையலை.