பெட்டி வியாபாரம் செய்த கவுன்சிலர்: பஷீர் மான்

ஸ்காட்லாந்தில் பாகிஸ்தானியர், இந்தியர் என்றாலே பலருக்கும் தெருமுனைக் கடைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கடைக்கு முன்னால் பெட்டி இருந்தது. 1920களிலிருந்தே அங்கே போன பஞ்சாபிகள் பலர், கிளாஸ்கோவில் மொத்தமாகத் துணிமணி வாங்கி சூட்கேஸில் அடைத்துக்கொண்டு, வடக்கே மலைப்பகுதிக்கும் தீவுகளுக்கும் போய் வீடு வீடாக விற்றார்கள். கையில் காசு இல்லாத வீட்டுக்குக் கடன், அடுத்த முறை வரும்போது வசூல். நம்ம ஊரில் சைக்கிளில் புடவை மூட்டையோடு வரும் தவணைக்காரர் மாதிரியேதான்.

அந்த வழியில் வந்தவர் பஷீர் மான். 1926இல் பஞ்சாபின் குஜ்ரன்வாலா பக்கம் மான் என்ற ஊரில் பிறந்தவர். 1953இல் கிளாஸ்கோ போய், கதவு தட்டி விற்கும் வேலையில் ஆரம்பித்து, மெல்ல வணிகத்தில் காலூன்றினார்.

1970இல் தொழிற்கட்சி சார்பில் கிளாஸ்கோ மாநகராட்சிக்கு கிங்ஸ்டன் வார்டில் நின்று ஜெயித்தார். பிரிட்டனில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் முஸ்லிம் என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஆண்டு. அதற்கு இரண்டே வருடம் முன்னால், 1968 ஏப்ரலில், குடியேறிகளுக்கு எதிராக ஈனாக் பவல் பர்மிங்ஹாமில் பேசிய பேச்சு நாட்டையே கொதிக்க வைத்திருந்தது. கிங்ஸ்டனிலோ பெரும்பாலான வாக்காளர்கள் வெள்ளையர்கள். 'நம்ம ஆளு ஓட்டு' என்ற கணக்கே அங்கே செல்லாது. கட்சியின் பெயர் கைகொடுத்தது என்பது உண்மைதான். ஆனாலும் வாசலில் நிற்கிற அந்நியனைப் பார்த்துக் கதவைச் சாத்தாமல் பேச வைப்பது ஒரு தொழில்திறன். பெட்டி தூக்கியவர்களுக்கு அது பிழைப்பே. ஓட்டுக் கேட்பதும் அதே வாசலில்தானே!

ஜெயித்த பிறகு பார்க்க வேண்டிய வேலையும் வீடு சம்பந்தமானதுதான். நகரம் பழைய குடியிருப்புகளை இடித்து மக்களை வேறு இடங்களுக்கு மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. கிளைட் ஆற்றின் மேல் கிங்ஸ்டன் பாலம் திறந்ததும் அதே 1970இல்தான். மாநகராட்சி வீடு யாருக்குக் கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பதுதான் சாதாரண ஸ்காட்டியக் குடும்பத்தின் கவலை. அந்தக் கவலையை எடுத்துக்கொண்டு அவர்கள் இப்போது இவரிடம் வர வேண்டும்.

பஷீர் மான் இன்னொன்றும் செய்தார். ஸ்காட்லாந்து ஆசியர்களின் வரலாற்றை 'தி நியூ ஸ்காட்ஸ்' என்ற நூலாக 1992இல் எழுதினார். 'புதிய ஸ்காட்டியர்கள்' என்று தலைப்பு வைத்ததிலேயே அவர் சொல்ல வந்தது இருக்கிறது: நாங்கள் விருந்தாளிகள் இல்லை. 2019 டிசம்பரில், 93 வயதில் இறந்தார்.

முதல் கவுன்சிலர் என்ற பெருமை எப்படியும் பதிவாகியிருக்கும். சூட்கேஸோடு மழையில் நடந்தவர்களின் கதை அப்படியில்லை. அவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. அந்தக் கணக்கைத் தன் நோட்டில் எழுதி வைத்ததுதான் இவர் செய்த பெரிய வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.