காற்றின் ஈரம் அறியும் கூந்தல்

சிவகாசிக்குப் பக்கத்து நாரணாபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். கல்லூரி விழா நாடகத்தில் அவருக்கு 1940களின் திரைப்பட நாயகி வேடம். நெற்றியோரம் வளைந்து நிற்கும் சுருளும் தோளில் புரளும் அலையும் வேண்டும். அழகு நிலையத்தில் கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை. கர்லிங் மெஷினை வாங்கலாம் என்றால், முடி கருகிவிடும் என்று அம்மா தடுக்கிறாராம். "வீட்டிலேயே செய்ய வழி இருக்கிறதா, ஐயா?" என்று கேட்கிறார்.

இருக்கிறது. மின்சாரம்கூட வேண்டாம். 'ஹரிதாஸ்' படம் 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட காலம் அது. பின்னோக்கி வாரிப் பிடரியில் புரளவிட்ட அதன் நாயகன் தியாகராஜ பாகவதரின் கிராப்பைப் பார்த்து இளைஞர்கள் தாங்களும் முடி வளர்த்தார்கள். திரையில் நாயகியருக்கு நெற்றிச் சுருள் வழக்கமாயிற்று. இந்த அலங்காரத்துக்கு அடிப்படைத் தேவை தண்ணீரும் துணியும்தான். மேலை நாட்டுப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிழிந்த துணியில் முடியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு தூங்கப் போனார்கள்.

மாலையில் எண்ணெய்ப் பசை போகத் தலைக்குக் குளியுங்கள். முக்கால்வாசி காயட்டும், தொட்டால் குளுமை தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. பழைய பருத்தி வேட்டியை இரண்டு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். விரல் பருமனுக்கு ஒரு கற்றை எடுத்துச் சிக்கு நீக்கி, அதன் நுனியைத் துணியின் நடுவில் வைத்துத் தலைவரை சுருட்டித் துணியை முடிச்சுப் போடுங்கள். வேர் இழுபடும் அளவுக்கு இறுக்க வேண்டாம். அந்த வழக்கம் நீடித்தால் முன்நெற்றி வழுக்கை விழும். நெற்றிச் சுருளுக்குத் துணி தேவையில்லை. ஈரக் கற்றையை விரலில் சுற்றி, அந்த வளையத்தை அப்படியே தலையோடு படுக்கவைத்து, இரண்டு ஸ்லைடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினால் போதும். காலையில் உள்மடிப்பு வரை உலர்ந்திருக்கிறதா என்று ஒரு கற்றையைப் பிரித்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் மறுபடி கட்டிவிட்டுக் காத்திருங்கள். பிரித்த பிறகு சீப்பு வேண்டாம், விரலால் கோதினாலே அலை விரியும்.

அவ்வளவுதான் செய்முறை. எனக்கு நெடுநாளாக வியப்பளிப்பது இதற்குள் நடக்கிற காரியம்.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. புரத இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவற்றில் இரண்டு வகைப் பிணைப்புகள் நமக்கு முக்கியம். ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியே வலுவில்லாதது, எண்ணிக்கையில் ஏராளமானது. தண்ணீர் உள்ளே போனால் அவிழ்ந்துவிடும். முடி உலரும்போது, அந்த நேரத்தில் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மீண்டும் பூட்டிக்கொள்ளும். நம் சிவகாசி அச்சகங்களிலிருந்து சுருட்டி வரும் காலண்டரை ஆணியில் மாட்டிப் பாருங்கள். அடிப்பகுதி பல நாள் மேல்நோக்கிச் சுருண்டே நிற்கும். காகித இழைகளையும் ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் பிடித்திருக்கின்றன என்பதால் இந்த ஒற்றுமை வெளித்தோற்றத்தோடு நிற்பதில்லை. முடி காய்வதற்குள் துணியை அவிழ்த்தவர்களுக்குச் சுருள் நிற்காமல் போவது இதனால்தான். பூட்டு விழுமுன்பே கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

முடி தன் எடையில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு தண்ணீரை உறிஞ்ச வல்லது. அப்போது பருமனில் நன்றாக வீங்கும், நீளத்தில் இரண்டு விழுக்காட்டை ஒட்டி நீளும். நீளத்தில் நேரும் இந்தச் சின்ன மாற்றத்தை வைத்தே 1783இல் ஜெனீவாவின் ஓராஸ் பெனடிக்ட் டி சோசூர் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் முறையை விளக்கி நூல் எழுதினார். கருவி எளிமையானது. எண்ணெய்ப் பசை நீக்கிய மனித முடியின் ஒரு முனையைக் கட்டிவைத்து, மறுமுனையைச் சிறு உருளையில் சுற்றி, உருளையோடு ஒரு முள்ளைப் பொருத்திவிட வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் முடி நீள, முள் நகரும். உலர்ந்தால் முடி குறுகும், முள் திரும்பும். ஆல்ப்ஸ் மலை ஏறிய அந்த அறிஞர் கையாண்ட தத்துவம் பிறகு உலகம் முழுதும் பரவியது. நம் நாட்டு வானிலை ஆய்வகங்களிலும் ஒரு கொத்து முடி ஈரத்துக்கேற்ப நீண்டு குறுகி, சுழலும் உருளைத் தாளில் பேனாவால் கோடு இழுக்கும் கருவி உண்டு. தலையிலிருந்து உதிர்ந்து குப்பைக்குப் போகும் ஒற்றை இழை, வானிலை ஆய்வாளர் நம்பும் அளவுகோலாகிவிடுகிறது! பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு அட்டையும் குண்டூசியும் வைத்து இதைச் செய்து காட்டலாம். எந்தப் பிள்ளையும் மறக்காது. நம் பள்ளிகளில் இதை ஏன் யாரும் செய்வதில்லை என்று நான் பலமுறை வருந்தியிருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் நாரணாபுரம் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் வறண்ட பூமி இது. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அந்தத் தொழிலை ஊன்றினார்கள். குச்சியும் மருந்தும் காய்வதற்கு ஏற்ற உலர்காற்று அதற்குத் துணை நின்றது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உதவிய அதே காற்று கூந்தல் சுருளையும் காக்கும். கடலோரத்துப் பெண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் தளர்ந்துவிடக்கூடிய அலை, பங்குனி, சித்திரையில் இங்கே மாலைவரை நிற்கும். ஆனால் உலர்காற்றில் பிளாஸ்டிக் சீப்பு முடியில் நிலைமின்சாரத்தை ஏற்றும். பட்டாசு ஆலையின் மருந்து அறையில் வேலை செய்பவர்களைப் பருத்தி உடுத்தச் சொல்வதும் நிலைமின்சாரப் பொறிக்கு அஞ்சித்தான். வீட்டிலும் மரச்சீப்பே நல்லது.

இரண்டாவது, கந்தகப் பிணைப்பு. பட்டாசுக்குப் போகும் அதே தனிமம்தான் முடியின் புரத இழைகளைக் குறுக்கே தைத்து வைத்திருக்கிறது. முடி பொசுங்கும்போது வரும் நாற்றத்தில் அதற்குப் பங்கு உண்டு. இந்தத் தையலைத் தண்ணீரால் பிரிக்க முடியாது. நிரந்தரச் சுருளுக்கு அதை ரசாயனத்தால் பிரித்து, வேறு வடிவில் மறுபடி தைக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் சூடாக்கிய பித்தளை உருளைகளால் நிரந்தரச் சுருள் போட்டுக் காட்டிய கார்ல் நெஸ்லர், அதற்கு முந்தைய சோதனைகளில் தம் மனைவியின் தலைமுடியையே பொசுக்கிவிட்டார்.

உங்கள் அம்மா சொன்னது முழுக்கச் சரி. ஈர முடியில் சூட்டுக் கருவி வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி இழைக்குள் குமிழிகளை உண்டாக்கும். குமிழி விழுந்த இடத்தில் முடி ஒடியும். நேராக்கும் மருந்துகளில் சில, சூடுபட்டதும் ஃபார்மால்டிஹைடு ஆவியை விடுகின்றன. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதி செய்யப்பட்டது. நிச்சயதார்த்தம் என்றாலே பெண்ணை உட்காரவைத்து இதைப் பூசும் வழக்கம் நம் ஊர்களிலும் வந்துவிட்டது. எனக்கு இது ஆற்றாமையாக இருக்கிறது. கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜுவின் லட்சுமியையும் சரஸ்வதியையும் லட்சக்கணக்கில் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பியது சிவகாசி. அந்தத் தெய்வங்களின் கூந்தல் தோளில் அலையாக இறங்குகிறது, கும்பிடுகிறோம். சுருட்டை முடியோடு பிறந்த மகளைப் 'பரட்டை' என்கிறோம். மயிர்க்கால் வளைந்திருந்தால் முடி சுருண்டு வளரும், அது பரம்பரையாக வருவது. திருத்த வேண்டிய குறை அதில் ஒன்றுமில்லை.

மாணவிக்கு மீதி யோசனைகள். உங்கள் விழா ஐப்பசியில் என்று எழுதியிருக்கிறீர்கள். வடகிழக்குப் பருவமழை நேரம் அது, உலர்காற்றை நம்ப முடியாது. ஒரு கரண்டி ஆளிவிதையை ஒரு டம்ளர் தண்ணீரில் முட்டை வெள்ளை பதம் வரும்வரை கொதிக்கவைத்து, சூட்டோடு வடிகட்டி, ஆறியபின் கற்றையில் தடவிச் சுருட்டுங்கள். மெல்லிய படலமாகக் காய்ந்து சுருளைப் பிடித்துக்கொள்ளும். மேடை ஏறக் கால்மணி நேரம் இருக்கும்வரை துணியை அவிழ்க்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஹேர் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. அவற்றில் பெரும்பாலானவை எளிதில் தீப்பற்றும். விழா முடிந்து மத்தாப்புக் கொளுத்துவதாக இருந்தால், முதலில் கூந்தலை அள்ளி முடிந்துகொள்ளுங்கள்.