பெரிய உணரி, சிறிய விலை: இந்தக் கேமராவை வாங்கலாமா?

தைப்பூசத்தையொட்டி, கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளிரதம் இரவில் பத்துமலைக்குப் புறப்படும். கூட்டத்தில் நின்று அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். விளக்கொளி பட்ட வெள்ளி அழகாக விழுந்திருக்கும். ரதத்தின் நிழலில் நிற்கும் பக்தரின் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கும். இல்லையென்றால் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பு, புள்ளிகளை மறைக்க மென்பொருள் செய்த வேலை.

இங்கேதான் 'ஃபுல் ஃபிரேம்' கேமரா ஆசை பிறக்கிறது. பள்ளிப் புகைப்படக் கழகத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் பல தீபாவளிகளின் அங்பாவ் பணம் ஒரே நாளில் கைமாறிவிடும் என்பதால், முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்குக் கேனன் நிறுவனம் 2019இல் வெளியிட்ட இஓஎஸ் ஆர்பி கேமராவை எடுத்துக்கொள்வோம். லென்ஸ் இல்லாமல் அதன் அறிமுக விலை 1,299 அமெரிக்க டாலர். அதற்கு முந்தைய ஆண்டு வந்த சோனி ஏ7 மூன்றாம் தலைமுறைக் கேமராவோ ஏறக்குறைய 2,000 டாலர்.

'ஃபுல் ஃபிரேம்' என்றால் என்ன? கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் உணரியின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர் என்று பொருள். இந்த அளவு படச்சுருள் காலத்திலிருந்து வருகிறது. சினிமாப் படச்சுருளின் ஒரு சட்டம் 24க்கு 18 மில்லிமீட்டர். ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஆஸ்கர் பார்னக், இரண்டு சட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். 1925இல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தது. அந்த அளவுதான் இன்றும் 'முழு' அளவு. அதைவிடச் சிறியது ஏபிஎஸ்-சி எனப்படும் உணரி. கேனனின் ஏபிஎஸ்-சி கேமராக்களில் அது சுமார் 22க்கு 15 மில்லிமீட்டர். பரப்பளவைக் கணக்கிட்டால், பெரியது சிறியதைப்போல் 2.6 மடங்கு.

இந்த 2.6 மடங்கு எதற்கு உதவும்? ஒளி தொடர்ச்சியான நீரோட்டம் அல்ல. ஃபோட்டான் என்னும் துகள்களாக வந்து விழுகிறது. மழைத்துளிகளைப் போல, ஒரே அளவுள்ள இரண்டு வாளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் விழும் துளிகளின் எண்ணிக்கை சற்று வேறுபடும். அந்த ஏற்ற இறக்கம், எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குச் சமம். ரதத்தின் பளிச்சிடும் பகுதியிலிருந்து ஒரு படப்புள்ளிக்கு 10,000 ஃபோட்டான்கள் வந்தால் ஏற்ற இறக்கம் 100. அதாவது 1 விழுக்காடு. கண்ணுக்குத் தெரியாது. நிழலில் இருக்கும் முகத்திலிருந்து 100 மட்டும் வந்தால் ஏற்ற இறக்கம் 10. அது 10 விழுக்காடு. நீங்கள் பார்த்த மணல் அதுதான். அதே காட்சி, அதே லென்ஸ் திறப்பு, அதே நேர அளவு, 2.6 மடங்கு பெரிய உணரி என்றால் அந்த 100 இப்போது 260 ஆகும். ஏற்ற இறக்கம் 16. ஏறக்குறைய 6 விழுக்காடு. மணல் குறைகிறது. மறைந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

சரி, பெரிய உணரி ஏன் இவ்வளவு விலை? வட்டத் தட்டில் ஊற்றிய தேங்காய் மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெரிய சதுரமாக வெட்டினால் ஓரத்தில் வீணாவது அதிகம். மிட்டாயில் பத்துக் கற்கள் கிடந்தால், சின்னத் துண்டுகளில் பத்துதான் கெடும். மீதி நூறு பிழைக்கும். பெரிய துண்டுகளிலும் பத்து கெடும். ஆனால் மொத்தமே இருபதுதான் இருக்கும். உணரிகளும் இப்படித்தான் வட்டமான சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டப்படுகின்றன. போதாததற்கு, மின்சுற்றுகளை ஒளியால் பதிக்கும் இயந்திரங்கள் பல, ஒரு வீச்சில் 33க்கு 26 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பதிக்கும். 36 மில்லிமீட்டர் அதற்குள் அடங்காது. பகுதி பகுதியாகப் பதித்து ஒட்டுப்போட வேண்டும்.

உணரியின் விலையைக் குறைக்க முடியாதபோது மற்றவற்றில்தான் கைவைக்க வேண்டும். ஆர்பியில் எங்கே கைவைத்தார்கள் என்று பாருங்கள். 26.2 மெகாபிக்சல் உணரி, 2017இல் வந்த 6டி மார்க் 2 கேமராவின் உணரியை ஒட்டியது. மின்கலம் சிறியது, தொழில்துறை அளவுகோலின்படி ஒரு முறை மின்னேற்றினால் 250 படங்கள்தான். கை நடுக்கத்தைச் சமாளிக்க உணரியை அசைக்கும் அமைப்பு இல்லை. ஓடும் பொருளைக் குவியத்தில் வைத்துக்கொண்டே எடுத்தால் விநாடிக்கு 4 படங்கள். பூப்பந்து 'ஸ்மேஷ்' எடுக்க விரும்புகிறவர்கள் இந்த வரியோடு கடையை விட்டு வந்துவிடலாம். 4கே காணொளியில் இன்னும் வேடிக்கை: உணரியின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்துகிறது. அதாவது ஃபுல் ஃபிரேமுக்குப் பணம் கொடுத்து, ஏபிஎஸ்-சி அளவில் படம் பிடிக்கிறீர்கள். ஆனால் மின்கலத்தோடு சேர்த்தே 485 கிராம்தான். நாள் முழுதும் கழுத்தில் தொங்கினாலும் வலிக்காது என்பதை நான் சிறிய நன்மையாக நினைக்கவில்லை.

பலரும் ஏமாறும் இடம் இதுவல்ல, லென்ஸ். பணமெல்லாம் கேமராவுக்கே போய்விட, மலிவான ஜூம் லென்ஸ் ஒன்றோடு வீடு திரும்புவார்கள். இந்த வரிசைக்குரிய 24-105 மில்லிமீட்டர் மலிவு ஜூம், நீண்ட முனையில் எஃப் 7.1 வரைதான் திறக்கும். எஃப் எண் கூடக் கூட ஒளி அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். உங்கள் நண்பர் ஒருவர் ஏபிஎஸ்-சி கேமராவில் எஃப் 1.8 லென்ஸ் மாட்டியிருக்கிறார் என்று வையுங்கள். 7.1ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: கிட்டத்தட்ட 15.6. அவருடைய உணரியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் 15.6 மடங்கு ஒளி விழுகிறது. உங்கள் உணரி 2.6 மடங்கு பெரியது. 15.6ஐ 2.6ஆல் வகுத்தால் 6. இருட்டில், பாதி விலைக் கேமரா வைத்திருக்கும் அவர் உங்களைவிட 6 மடங்கு ஒளியைச் சேர்க்கிறார்!

ஆகவே என் கணக்கு இது. ஆர்பியோடு 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 போன்ற லென்ஸ் ஒன்றையும் வாங்கப் பணம் இருந்தால், இரவுத் திருவிழாவுக்கும் மண்டப நிகழ்ச்சிக்கும் இது நல்ல கேமரா. கேமராவோடு பணம் தீர்ந்துவிடும் என்றால், ஏபிஎஸ்-சியும் நல்ல லென்ஸும் வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. அங்கே ஃபோட்டான்களுக்குப் பஞ்சமில்லை.

ஒருவர் பயன்படுத்திய ஆர்பியை வாங்கப் போகிறீர்களா? கடையிலேயே இரண்டு சோதனைகள் செய்யுங்கள். லென்ஸை எஃப் 16க்குக் குறுக்கி வெள்ளைச் சுவரை எடுங்கள். சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தால் உணரியில் தூசி. அதைத் துடைத்து எடுக்கலாம், பயமில்லை. பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு, இரைச்சல் குறைப்பு வசதியை அணைத்துவிட்டு, 10 விநாடிக்கு ஒரு படம். முழுக் கறுப்பாக வர வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தால் அங்கங்கே சில வண்ணப் புள்ளிகள் மின்னும். சூடேறிய உணரியில் அது இயல்பு. வானத்து விண்மீன்கள்போல் நிறைந்திருந்தால், பணத்தை எடுக்காமல் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.