துளைகளில் நடக்கும் வேதியியல்

கரியமில வாயுவை மின்சாரத்தால் வேறு பொருளாக மாற்ற முடியும். 1980களில் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரியின் குழு, அந்த வாயு கரைந்த உப்புக்கரைசலில் பல உலோகங்களை மின்முனையாக வைத்துப் பார்த்தது. தங்கமும் வெள்ளியும் கார்பன் மோனாக்சைடு தந்தன. வெள்ளீயத்தில் ஃபார்மேட் உண்டாயிற்று. ரப்பர் பாலை உறைய வைக்கத் தோட்டங்களில் ஊற்றுகிறார்களே, அந்த ஃபார்மிக் அமிலத்தின் உப்பு அது. தாமிரமோ மீத்தேனையும், பாலிதீனின் மூலப்பொருளான எத்திலீனையும் கொடுத்தது.

ஆனால் சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒன்றரை கிராம் கரியமில வாயுதான் கரையும். தகட்டருகே அது தீர்ந்துபோனதும், மின்சாரம் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிப்பதில் வீணாகிறது. தட்டையான தகட்டில் வினை நடக்க இடமும் குறைவு.

இரண்டு குறைகளையும் தீர்ப்பவை நுண்துளைகள்.

முதலில் இடம். உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய படிகங்களுக்கு உலோகக் கரிமச் சட்டகங்கள் என்று பெயர். எம்ஓஎஃப்-5 என்ற சட்டகத்தில் இரண்டு மூன்று கிராம் எடுத்தாலே அதன் உட்பரப்பு கால்பந்து மைதானத்தளவு வரும். இத்துறையை வளர்த்த சுசுமு கிடகவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவரும் 2025இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

கரிம மூலக்கூறுகளை மட்டுமே பிணைத்தும் சட்டகம் கட்டலாம். 2015இல் அமெரிக்காவின் பெர்க்லியில் யாகி உள்ளிட்ட குழுவினர் அப்படியொன்றை மின்முனையில் பூசினார்கள். ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கி நிற்கும் போர்ஃபிரின் வளையம்தான் அதற்கும் அடிப்படை. நடுவில் இரும்புக்குப் பதில் கோபால்ட். பாய்ந்த எலெக்ட்ரான்களில் சுமார் 90 சதவீதம் கார்பன் மோனாக்சைடு உண்டாக்கவே பயன்பட்டன.

அடுத்தது வாயு. 2018இல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகக் குழு, நீர் ஒட்டாத நுண்துளை டெஃப்லான் படலத்தின் மேல் தாமிரம் பூசியது. தாமிரத்தின் பக்கம் காரக் கரைசல், படலத்தின் மறுபக்கம் கரியமில வாயு. வாயு நீரில் நெடுந்தூரம் அலையாமல், துளை வழியாக நேரே தாமிரத்தை எட்டிவிடுகிறது. ஓர் எத்திலீன் மூலக்கூறுக்கு 12 எலெக்ட்ரான்கள் வேண்டும். இரண்டு கார்பன் அணுக்களும் இணைய வேண்டும். அத்தனை கடினமான வினையில் 70 சதவீத எலெக்ட்ரான்களை எத்திலீனுக்கே திருப்பி, 150 மணி நேரம் தொடர்ந்து இயங்கியது அந்த மின்முனை.

தொழிற்சாலைக்கு 150 மணி நேரம் போதாது. காரக் கரைசலில் கரியமில வாயுவின் ஒரு பகுதி கார்பனேட் உப்பாகித் துளைகளை அடைக்கிறது. பல உலோகக் கரிமச் சட்டகங்கள் மின்சாரத்தைச் சரியாகக் கடத்துவதில்லை. சில தண்ணீரிலேயே சிதைந்துவிடுகின்றன. இவற்றைச் சரிசெய்தாலும், மின்சாரம் சூரியனிலிருந்தோ காற்றிலிருந்தோ வர வேண்டும். நிலக்கரி மின்சாரத்தில் இதை ஓட்டினால், மாற்றும் வாயுவைவிட வெளியேறும் வாயுவே அதிகமாக இருக்கும்.