டேப்பை நிறுத்திய பொறியாளர்கள்

பட்டமும் பட்டறையும் – தொடர் 6

1970-களின் தொடக்கத்தில் ஹியூலட்-பேக்கர்ட் நிறுவனம் தன் மைக்ரோவேவ் கருவிப் பிரிவைக் கலிஃபோர்னியாவின் சாண்டா ரோசாவுக்குக் கொண்டுபோனது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அழகான ஊர். ஆனாலும் அங்கே போன பொறியாளர்களுக்கு ஒரு குறை இருந்தது. பாலோ ஆல்டோவில் இருந்தவரை வேலை பார்த்துக்கொண்டே ஸ்டான்ஃபோர்டில் முதுநிலைப் பட்டம் படிக்க முடிந்தது. இப்போது பல்கலைக்கழகம் ஏறத்தாழ 140 கி.மீ. தள்ளிப் போய்விட்டது.

அந்தப் படிப்பை உருவாக்கியவர் ஃபிரெடரிக் டெர்மன். ஹியூலட், பேக்கர்ட் இருவருக்குமே பாடம் நடத்திய பேராசிரியர். சுற்றியுள்ள மின்னணு நிறுவனங்களின் பொறியாளர்கள் வேலையை விடாமல் முதுநிலை படிக்க 1954-ல் ஒரு கூட்டுத் திட்டம் கொண்டுவந்தார். மாணவர் கட்டும் கட்டணம் கல்வியின் முழுச் செலவுக்குப் போதாது. அதனால் அதே அளவு தொகையை நிறுவனமும் பல்கலைக்கழகத்துக்குத் தனியாகத் தர வேண்டும் என்றார். நிறுவனங்கள் தயங்காமல் தந்தன. 1961-க்குள் 32 நிறுவனங்கள் சேர்ந்துவிட்டன. சுமார் 400 பேர் இப்படிப் படித்துக்கொண்டிருந்தார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கின் வரலாற்றில் முதலீட்டாளர்களுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதிகூட இந்தத் திட்டத்துக்குக் கிடைப்பதில்லை. கிடைத்திருக்க வேண்டும்.

வகுப்புக்காகக் காரில் போய்வரும் நேரம் மிச்சமாகட்டும் என்று 1969-ல் ஸ்டான்ஃபோர்டு தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. வகுப்பறையில் கேமரா, நிறுவனத்தில் ஓர் அறையில் திரை. சந்தேகம் வந்தால் அங்கிருந்தே பேராசிரியரிடம் கேட்கலாம். வீட்டுப்பாடத் தாள்களை ஆள் வந்து வாங்கிப் போவார். ஆனால் அந்த அலை சாண்டா ரோசாவை எட்டவில்லை.

இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தவர் ஸ்டான்ஃபோர்டுப் பேராசிரியர் ஜேம்ஸ் கிப்பன்ஸ். டிரான்சிஸ்டர் மேதை வில்லியம் ஷாக்லியின் ஆய்வகத்துக்குப் போய் சிலிக்கான் கருவி செய்யக் கற்று, அந்த வித்தையை ஸ்டான்ஃபோர்டுக்குக் கொண்டுவந்தவர். வகுப்பை வீடியோ டேப்பில் பதிந்து அனுப்பலாம் என்பது யாருக்கும் தோன்றும் யோசனைதான். டேப்பை மட்டும் அனுப்பினால் போதாது என்று கண்டுகொண்டதில்தான் அவருடைய தனித்தன்மை இருக்கிறது.

அவர் செய்த ஏற்பாடு எளிமையானது. நடந்த வகுப்பை வெட்டாமல், மெருகேற்றாமல் அப்படியே பதிந்து அனுப்பினார்கள். சாண்டா ரோசாவில் பத்துப் பேருக்கு மேற்படாத சிறு குழு அதைச் சேர்ந்து பார்த்தது. கூடவே ஒரு வழிகாட்டி. அவரும் அதே ஆலையில் வேலை பார்க்கும் பொறியாளர்தான், பேராசிரியர் அல்ல. யாருக்காவது புரியவில்லை என்றால் டேப்பை நிறுத்த வேண்டும். பேசித் தெளிந்த பிறகே மறுபடி ஓட்ட வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை டேப் நின்றது. ஒரு மணி நேர வகுப்பு ஒரு மணி நேரத்தில் முடியவில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை.

தேர்வு முடிவு வந்தபோது டேப் பார்த்துப் படித்தவர்கள் பின்தங்கவில்லை. பேராசிரியருக்கு நேர் எதிரே உட்கார்ந்து படித்தவர்களைவிட அதிக மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். வழக்கமான முறையில் விண்ணப்பித்திருந்தால் ஸ்டான்ஃபோர்டில் இடமே கிடைத்திருக்காது என்ற நிலையில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. கிப்பன்ஸும் அவருடைய இரண்டு சகாக்களும் 1977-ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் இதை வெளியிட்டார்கள்.

காரணம் என்ன? கல்லூரியை விட்டுப் பத்து வருஷம் ஆனவருக்கு லாப்லாஸ் உருமாற்றம் போன்ற கணக்கு முறைகள் மறந்துபோயிருக்கும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் எழுந்து அவற்றைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். தினமும் கூட வேலை பார்க்கும் ஆளிடம் கேட்க அந்தக் கூச்சம் இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. வழிகாட்டி எல்லாம் தெரிந்தவராக இருந்தால் உடனே விடையைச் சொல்லிவிடுவார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஓரளவு தெரிந்து, மற்றவர்களைப் பேசவைக்கும் பொறுமை உள்ளவரே இந்த வேலைக்கு ஏற்றவர்.

நம் ஊரிலும் இதற்குப் பக்கத்தில் வரும் ஓர் ஏற்பாடு உண்டு. பிலானியின் பிட்ஸ் நிறுவனம் 1979 முதல் வேலையில் இருப்பவர்களுக்கான பட்டப் படிப்புகளை நடத்திவருகிறது. 1990-களில் விப்ரோ அதனுடன் கைகோத்து, பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, வேலையோடு சேர்த்து மென்பொருள் துறையில் எம்.எஸ். படிக்கவைத்தது. பொறியியல் கல்லூரிக்குக் கட்டப் பணமில்லாமல் கணிதமோ இயற்பியலோ படித்த எத்தனையோ தமிழகப் பிள்ளைகளுக்கு அது ஒரு கதவைத் திறந்தது. பிட்ஸ் படிப்புகளில் அலுவலகத்தைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார்; கடைசிப் பருவத்து ஆய்வேடு, மாணவர் பார்க்கும் வேலையிலிருந்தே எழும்.

அந்த மூத்தவர் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறாரா, வாரம் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசுகிறாரா என்பதில்தான் படிப்பின் தரம் இருக்கிறது. இணையவழி முதுநிலைக்கு லட்சக்கணக்கில் பணம் கட்டப்போகும் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர்ப் பொறியாளர்கள், பாடத்திட்டத்தை விசாரிப்பதற்கு முன் இதை விசாரிக்க வேண்டும். ஒரே ஆலையிலிருந்து நான்கு பேர் சேர்ந்து ஒரே படிப்பில் சேர முடிந்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமை மாலை உணவுக்கூடத்து மேசை ஒன்றும் ஒரு மடிக்கணினியும் போதும். சாண்டா ரோசா குழுவிடம் இருந்ததைவிட அது அதிக வசதி.

வகுப்பை வேலையிடத்துக்கே அனுப்பும் யோசனை அமெரிக்காவில் அதோடு நிற்கவில்லை. 1984-ல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில், சொந்தமாகப் பேராசிரியர் குழுவே இல்லாத ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியது. பல பல்கலைக்கழகங்களின் வகுப்புகளைச் செயற்கைக்கோள் வழியே அலுவலகங்களுக்கே அனுப்பியது. பொறியாளர்களுக்குத் தொழில்நுட்ப மேலாண்மையிலும் முதுநிலைப் பட்டம் தந்தது. தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்ற அந்த நிறுவனம் எப்படி எழுந்தது என்பது அடுத்த இதழில்.