புது மோட்டார் சைக்கிள்: முதல் ஆயிரம் கிலோமீட்டரில் கவனம் தேவை

மதுரை - தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில், விடியுமுன்பே மோட்டார் சைக்கிள்கள் கிளம்பி விடுகின்றன. பால் கேன், மல்லிகைப்பூ, கீரைக்கட்டு, உரமூட்டை, புல்லுக்கட்டு ஆகிய எல்லாவற்றையும் இன்று இரு சக்கர வண்டியே சுமக்கிறது. பெரும்பாலும் கடனில் வாங்கப்படும் வண்டி இது. தவணை முடியுமுன்பே எஞ்சின் புகை கக்கத் தொடங்கினால், தவணையுடன் பழுதுச் செலவும் சேர்ந்து விவசாயியின் தலையில் விழும். இத்தகைய பழுதுகளில் சில, வண்டி வாங்கிய முதல் சில வாரங்களில் செய்யும் தவறுகளால் வருபவை.

இளங்காளையை முதல் நாளே பாரவண்டியில் பூட்டுவார் எவருமில்லை. முதலில் வெறும் நுகத்தடி, பிறகு வெறும் வண்டி, அதன் பிறகு அரைப்பாரம் என்றுதான் பழக்குவார்கள். கொட்டிலிலேயே கட்டி வைத்தாலும் காளை பழகாது. புது எஞ்சினுக்கும் இந்த இரண்டு விதிகளும் பொருந்தும்.

எஞ்சினுக்குள் நடப்பது என்ன?

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றி, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், வழக்கமாக மூன்று ரிங்குகள் உண்டு. மேலே உள்ள இரண்டும் பெட்ரோல் எரிந்து உண்டாகும் வாயு கீழே கசியாமல் தடுக்கின்றன. மூன்றாவது ரிங், சிலிண்டர் சுவரில் படியும் அதிகப்படி எண்ணெயை வழித்து இறக்குகிறது.

புதுச் சிலிண்டரின் சுவர் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் வேண்டுமென்றே போடப்பட்டிருக்கும். எண்ணெய் தங்குவதற்கு இக்கீறல்கள் உதவும். வண்டி ஓட ஓட, கீறல்களின் மேடுகள் தேய்கின்றன. ரிங்கின் விளிம்பும் தேய்ந்து, சுவரோடு இடைவெளியின்றிப் படிகிறது. அம்மியும் குழவியும் அரைக்க அரைக்க ஒன்றோடொன்று பொருந்துவது போன்றதே இது. இந்தப் படிதல் முதல் சில நூறு கிலோமீட்டரில் நடந்து முடிந்து விடும். அப்போது சரியாகப் படியாத ரிங், பின்னால் எவ்வளவு பக்குவமாக ஓட்டினாலும் எளிதில் படியாது.

தவறு ஒன்று: முதல் நாளே முழுப்பாரம்

பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சூடேறும்போது அலுமினியம் இரும்பைப்போல் சுமார் இரண்டு மடங்கு விரியும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியோ, இன்றைய சிறு எஞ்சின்களில் தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. புது எஞ்சினில் உராய்வு அதிகம்; ஆகவே சூடும் அதிகம். அதிகப் பாரத்துடன் முறுக்கி ஓட்டினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டர் சுவரைக் கீறும். சில சமயம் அப்படியே இறுகிப் பிடித்துக் கொள்ளும். மெக்கானிக்குகள் 'ஜாம்' என்று சொல்வது இதைத்தான். ஓடும்போது ஜாம் ஆனால் பின்சக்கரம் சட்டென நின்று ஓட்டுபவர் கீழே விழ நேரிடும்.

பால் வியாபாரம் செய்வோர் இந்தக் கணக்கைப் பார்க்கவும். 40 லிட்டர் கேன் இரண்டில் பால் மட்டுமே 82 கிலோ இருக்கும். ஓட்டுபவர் 65 கிலோ என்றால் மொத்தம் 147 கிலோ. கேன்களின் எடை தனி. 100 சி.சி. வண்டிகள் பலவற்றுக்கு ஓட்டுபவரையும் சேர்த்து 130 கிலோ அளவுதான் வரம்பு. பழகிய எஞ்சினுக்கே கூடுதலான பாரத்தைப் புது எஞ்சின் மேல் ஏற்றலாகாது. முதல் 500 கி.மீ. வரை ஒரு கேன் மட்டும் ஏற்றி, இரண்டு நடையாகப் போவது நல்லது. கூடுதலாகச் செலவாகும் பெட்ரோல், பின்னால் வரக்கூடிய பழுதுச் செலவைவிட மிகக் குறைவு.

தவறு இரண்டு: அளவுக்கு மீறிய பொத்தல்

சிலர் இதற்கு நேர்மாறாக, வண்டியை நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுவர். பிறகு 20, 25 கி.மீ. வேகத்தைத் தாண்டவே மாட்டார்கள். இதுவும் கெடுதலே. எரிந்த வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அழுத்துவதால்தான் ரிங் சுவரில் நன்கு படிகிறது. எஞ்சினுக்கு வேலையே கொடுக்காவிட்டால் இந்த அழுத்தம் போதாது. எண்ணெய் சுவரில் கருகி, பீங்கான் போன்ற பளபளப்பான பூச்சாகப் படியும். அதன்மேல் ரிங் வழுக்கி ஓடுமே தவிர, படியாது. எண்ணெய் மேலேறி எரிந்து நீலப்புகை வரும், இழுவையும் குறையும். கிணற்றடியில் ஓடும் டீசல் பம்புசெட் எஞ்சினையும் இதே காரணத்தால் நெடுநேரம் வெறுமனே ஓடவிடக் கூடாது.

ஓட்டும் முறை

வண்டியுடன் தரப்படும் கையேட்டில் உள்ள வேக வரம்பே முதன்மையானது. பொதுவாக 100 சி.சி. வண்டிகளுக்கு முதல் 500 கி.மீ. வரை மணிக்கு 45 கி.மீ., அதன்பின் 1000 கி.மீ. வரை 55 கி.மீ. என்ற அளவு பொருத்தமாக இருக்கும்.

காலையில் கிளப்பியதும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, மெதுவாகப் புறப்பட வேண்டும். வேகத்தைச் சீராகக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். இதற்குக் கிராமச் சாலைகளே ஏற்றவை. சமயநல்லூர், கப்பலூர் இடையே செல்லும் நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டுவதை முதல் வாரங்களில் தவிர்க்கவும். மேல் கியரில் வண்டி திணறும்போது முறுக்காமல், கியரைக் குறைக்க வேண்டும்.

புது வண்டிக்குப் பாண்டி கோயிலில் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுப்பது மதுரைப் பக்கத்து வழக்கம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் நகர நெரிசலில் நெடுநேரம் நிற்க நேர்ந்தால் எஞ்சினை அணைத்து விடுங்கள். புது வண்டியில் மூன்று பேர் ஏறிக் கொடைக்கானல் மலைக்குப் போவதை மட்டும் 1000 கி.மீ. முடியும்வரை தள்ளிப் போடுங்கள்.

புது டயரும் முதல் 100, 150 கி.மீ. வரை வழுக்கும் தன்மை உடையது. பிரேக்கும் பழகியிராது. ஆகவே மழைக்காலத்தில் வாய்க்கால் கரையிலும் சேற்றுப் பாதையிலும் நிதானம் தேவை.

முதல் எண்ணெய் மாற்றம்

ரிங்கும் பல்சக்கரங்களும் தேயும்போது உதிரும் உலோகத்தூள் எண்ணெயில் கலக்கிறது. அதைத் தள்ளிப்போடாமல் வெளியேற்ற வேண்டும். முதல் சர்வீஸை கையேட்டில் சொன்ன தூரத்தில், பல வண்டிகளுக்கு 500 முதல் 1000 கி.மீ.க்குள், தவறாமல் செய்து கொள்ளவும். எஞ்சின் சூடாக இருக்கும்போது எண்ணெயை வடித்தால் தூளும் சேர்ந்து இறங்கும். வடித்த எண்ணெயில் மினுமினுப்பு தெரிவது இயல்பே. கையில் தட்டுப்படும் சில்லுகள் இருந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டவும்.

சிறு எஞ்சினில் சுமார் ஒரு லிட்டர் எண்ணெய்தான் உள்ளது. முதல் 1000 கி.மீ. வரை வாரம் ஒருமுறை அளவு பார்ப்பது அவசியம். காருக்கான எண்ணெயை ஊற்றக் கூடாது; கிளட்ச் வழுக்கும். கழிவு எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் பட்டறையிலேயே கொடுத்து விடவும்.

பழைய வண்டிக்கும் உண்டு

1955இல் சென்னையில் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் போன்ற வார்ப்பிரும்புச் சிலிண்டர் வண்டிகளுக்கு இந்தப் பழக்கம் மிகக் கண்டிப்பாகத் தேவைப்பட்டது. இன்று உதிரிபாகங்கள் நுட்பமாகக் கடையப்படுவதால் காலம் குறைந்திருக்கிறது, தேவை மறையவில்லை. பழைய வண்டியில் சிலிண்டரை மறுபடி கடைந்து புது பிஸ்டன், ரிங் போட்டாலும் அதுவும் புது எஞ்சினே. அதற்கும் மேற்கண்ட முறைகள் அனைத்தும் பொருந்தும். மின்சார வண்டிகளில் பிஸ்டன் இல்லாததால் எஞ்சின் பழக்கம் வேண்டியதில்லை. டயர், பிரேக் விஷயத்தில் கவனம் போதும்.

அரைப்பாரம், மாறும் வேகம், காலத்தில் எண்ணெய் மாற்றம் ஆகிய மூன்றையும் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் கடைப்பிடித்தால், கடன் தவணை முடிந்த பின்பும் வண்டி பல ஆண்டுகள் உழைக்கும்.