எந்த ஊர்க் கோஷ்டி?

ஒரு நாள் மாலை, பள்ளிக்கூட மைதானத்தில் பந்தாடிக் களைத்த பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். பேச்சு உலகத்தில் பெயர் பெற்ற கால்பந்துக் கோஷ்டிகளைப் பற்றித் திரும்பிற்று. ஐரோப்பாவிலுள்ள கோஷ்டிகளின் பெயர்களையும், அவற்றில் ஆடும் வீரர்களின் பெயர்களையும் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். இவர்களுடைய பூகோள அறிவைச் சற்றுச் சோதித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"ஆசியாக் கண்டத்தின் சாம்பியன் பட்டத்தை அடுத்தடுத்து இரண்டு முறை முதன் முதலாக வென்ற கோஷ்டி எது, சொல்லுங்கள் பார்க்கலாம்!" என்றேன்.

ஜப்பான் என்றான் ஒருவன்; கொரியா என்றான் மற்றொருவன். ஈரான் என்றும் அரேபியா என்றும் குரல்கள் எழுந்தன. "தாய்லாந்து! நம் பாட்டனார் காலத்தில் சயாம் என்று சொன்னார்களே, அந்தத் தேசம். கோஷ்டியின் பெயர் தாய்லாந்து விவசாயிகள் பாங்கி" என்று நான் விடை சொன்னதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பணத்தை எண்ணுகிற பாங்கி பந்தை உதைக்குமா என்பது அவர்களுடைய ஆச்சரியம். ஒரு சிறுவன் மட்டும் சிரிக்கவில்லை. "அது எந்த ஊர்க் கோஷ்டி, ஸார்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு உடனே என்னால் விடை சொல்ல முடியவில்லை. அந்தக் கோஷ்டியின் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பது பிறகுதான் புலப்பட்டது. அந்தச் சரித்திரத்தை நேயர்களுக்குச் சொல்லுகிறேன்.

சயாமுக்குக் கால்பந்து வந்தது ஆங்கிலேயரிடமிருந்துதான். ஆனால் அதற்கு அங்கே ஆதரவு தந்து வளர்த்தவர் அந்நாட்டு மன்னர். ஆறாம் ராமர் என்று பட்டம் பெற்ற வஜிராவுத் அரசர் இங்கிலாந்தில் கல்வி பயின்றவர். அவருடைய ஆட்சியில், 1916-ஆம் ஆண்டில், சயாமின் கால்பந்துச் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. 1925-ல் அது உலகக் கால்பந்துச் சம்மேளனத்தில் அங்கம் பெற்றது. அரசர் பெயரால் வழங்கும் கோப்பைக்கான பந்தயங்களும் 1916-லேயே தொடங்கிவிட்டன.

நாளடைவில் இந்த ராஜ கோப்பைகள் நான்கு படிகளாக ஏற்பட்டன. அவற்றின் பெயர்களைக் கேட்டால் நம்மவர்களுக்கு வியப்பாயிருக்கும். தாய் மொழியின் நெடுங்கணக்கு வடமொழியைப் போலவே ககர வருக்கத்தில் தொடங்குகிறது. அந்த வருக்கத்தின் எழுத்துக்களைக் கொண்டே முதல் படிக்குக் 'க' கோப்பை என்றும், கடைசிப் படிக்கு 'ங' கோப்பை என்றும் பெயரிட்டார்கள். அந்த எழுத்துக்கள் கம்போடிய லிபியிலிருந்து பிறந்தவை. கம்போடிய லிபியோ காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவர்களின் லிபியிலிருந்து பிறந்தது. ஆகவே சயாமியப் பிள்ளைகள் பந்தாடி வென்ற கோப்பைகளின் பெயரில் நம் காஞ்சியின் சாயலும் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த நான்கு படிகளில் ஏறி ஆடிய கோஷ்டிகள் எவை? இங்கேதான் விசேஷம் இருக்கிறது. தரைப்படை, விமானப்படை, போலீஸ், துறைமுக நிர்வாகம், புகையிலைத் தொழிற்சாலை, டெலிபோன் இலாகா, பாங்கிகள் என்று பெரும்பாலும் எல்லாம் தலைநகரத்து ஸ்தாபனங்களின் கோஷ்டிகளே. கால் தேர்ந்த வாலிபன் ஒருவனுக்கு அப்படிப்பட்ட ஸ்தாபனம் ஒன்றில் உத்தியோகம் கிடைக்கும். ஆட்டத்தினால் வரும் புகழ் சில ஆண்டுகளே நிற்கும். உத்தியோகமோ ஆயுள் முழுவதும் சோறு போடும். பிள்ளையைப் பெற்றவர்கள் இதைவிட வேறென்ன வேண்டுவார்கள்?

விவசாயிகள் பாங்கி 1945-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், உலக யுத்தம் முடியும் தறுவாயில், ஐம்பது லட்சம் பாட் மூலதனத்துடனும் 21 சிப்பந்திகளுடனும் தொடங்கப்பட்டது. தாய் மொழியில் அதன் பெயர் 'தனாகான் கஸிகோன் தாய்'. முதற்சொல் 'தன ஆகாரம்', அதாவது செல்வத்தின் இருப்பிடம். இரண்டாவது சொல்லில் 'கிருஷி' என்னும் உழவுத் தொழிலின் பெயர் ஒளிந்திருக்கிறது. பாங்கியின் சின்னம் நெற்கதிர். உழவரின் பெயரைத் தாங்கிய இந்த ஸ்தாபனம், சின்னஞ்சிறு நிலையிலிருந்து வளர்ந்து, தேசத்தின் மிகப் பெரிய பாங்கிகளுள் ஒன்றாயிற்று.

1987-ல் அது தனக்கென்று ஒரு கால்பந்துக் கோஷ்டியை அமைத்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் அதிசயந்தான். நான்கே ஆண்டுகள் கழித்து, 1991-ல், 'க' கோப்பை பாங்கியின் கைக்கு வந்தது. 1992-லும் 1993-லும் அது கை மாறவில்லை. 1995-ல் மறுபடியும் வந்தது. அரசியாரின் பெயரால் நடக்கும் கோப்பையை 1994 முதல் 1997 வரையில் தொடர்ந்து நான்கு முறை இந்தக் கோஷ்டியே கெலித்தது.

சொந்த நாட்டில் பெற்ற வெற்றி ஆசியக் கண்டத்துப் பந்தயத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது. கோஷ்டியைப் பயிற்றுவித்தவர் சான்வித் பொன்சீவின். பிற்காலத்தில் தாய்லாந்தின் தேசியக் கோஷ்டிக்கே பயிற்சியாளராக விளங்கியவர். முன்னணியில் நின்று கோல் போட்டவர்களில் நாதிபோங் ஸ்ரீதோங்-இன் என்பவர் தேசமெங்கும் பெயர் பெற்ற ஆட்டக்காரர். 1994-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பாங்காக் நகரில் நடந்த இறுதிப் பந்தயத்தில், ஓமான் தேசத்துக் கோஷ்டியை 2-1 என்ற கணக்கில் வென்று, விவசாயிகள் பாங்கி ஆசியாவின் சாம்பியன் ஆயிற்று. மறு வருஷம், 1995-ல், கத்தார் தேசத்து அல் அரபிக் கோஷ்டியை ஒரே ஒரு கோலால் வென்று பட்டத்தைத் தக்கவைத்துக் கொண்டது. 1967-ல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில், அதுவரையில் எந்தக் கோஷ்டியும் அடுத்தடுத்த இரண்டு பந்தயங்களில் பட்டம் பெற்றதில்லை.

இதனிடையே மற்றொரு வெற்றியும் கிட்டியது. ஆசியாவின் சாம்பியனும் ஆப்பிரிக்காவின் சாம்பியனும் மோதும் பந்தயம் ஒன்று அந்நாளில் உண்டு. 1994-ல் எகிப்து தேசத்தின் கீர்த்தி வாய்ந்த ஸமாலெக் கோஷ்டி எதிரியாக வாய்த்தது. கெய்ரோவில் 2-1 என்று தோற்ற பாங்கி, பாங்காக்கில் 1-0 என்று ஜயித்தது. கூட்டிப் பார்த்தால் இரு தரப்புக்கும் இரண்டிரண்டு கோல்கள்! ஆனால் அந்நிய மண்ணில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்பது அக்காலத்து விதி. கெய்ரோவில் போட்ட அந்த ஒற்றைக் கோல் இரண்டு கண்டங்களின் கிரீடத்தையும் பாங்கிக் கோஷ்டியின் தலையில் வைத்துவிட்டது.

இவ்வளவு பெருமை படைத்த கோஷ்டி இன்று எங்கே? எங்கும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் அது கலைக்கப்பட்டுவிட்டது. பிறந்து பதின்மூன்று ஆண்டுகள். இரண்டாம் முறை ஆசியாவை வென்று ஐந்தே ஆண்டுகள்!

காரணம் மைதானத்தில் நேர்ந்த தோல்வி அன்று. 1996-ல் தாய்லாந்தில் புதிய லீக் முறை தொடங்கியது. அதில் இந்தக் கோஷ்டி ஒரு முறையும் முதலிடம் பெறவில்லை என்பது மெய்தான். ஆயினும் முதலிடம் பெறாத கோஷ்டிகளெல்லாம் மாண்டு போவதில்லையே? மெய்யான காரணம் செலாவணிச் சந்தையில் இருந்தது. ஒரு டாலருக்கு ஏறக்குறைய 25 பாட் என்று நெடுங்காலம் கட்டிக் காத்துவந்த மதிப்பை, 1997-ஆம் வருஷம் ஜூலை 2-ந் தேதி தாய்லாந்து சர்க்கார் கைவிட நேர்ந்தது. அடுத்த ஜனவரிக்குள் ஒரு டாலருக்கு 50 பாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. டாலரில் கடன் வாங்கியிருந்தவர்களின் சுமை ஒரே இரவில் ஏறத் தொடங்கி, சில மாதங்களில் இரட்டித்தது. அந்த டிசம்பரில் மாத்திரம் 56 நிதிக் கம்பெனிகளை நிரந்தரமாக மூடும்படி சர்க்கார் உத்தரவிட்டார்கள். பாதி கட்டிய மாளிகைகள் பாங்காக் வீதிகளில் எலும்புக்கூடுகளைப் போல் நின்றன.

விவசாயிகள் பாங்கி அந்தப் புயலில் மூழ்கவில்லை. வெளிநாட்டு மூலதனத்தைத் திரட்டித் தப்பிப் பிழைத்தது. 2003-ல் ஆங்கிலப் பெயரையும் 'கஸிகோன் பாங்கி' என்று மாற்றிக்கொண்டு இன்றும் செழிப்பாகவே நடந்து வருகிறது. ஆனால் தப்பிப் பிழைக்க வேண்டிய காலத்தில் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று எந்த ஸ்தாபனமும் கணக்குப் பார்க்கத்தானே செய்யும்? கால்பந்து செலவுப் பக்கத்தில் இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டார்கள். பாங்கியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறர் வைத்த பணத்துக்குக் காவல் இருப்பதுதான் பாங்கியின் தர்மம். ஆனால் அப்படி ஒரு வரியாகக் கணக்குப் புத்தகத்தில் இருந்தது ஆசியாவின் சாம்பியன் ஆயிற்றே என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

அந்த வரியை அடிக்காதீர்கள் என்று சொல்ல ஒரு ஊர் இருந்திருந்தால்? அந்த ஊர்தான் இல்லை. தலைநகரத்து லீக் பந்தயங்களுக்கு அந்நாளில் சில நூறு பேர் கூடினாலே பெரிது. பாங்கியின் சிப்பந்திகள் பாங்கியின் கோஷ்டிக்குக் கை தட்டினார்கள். விமானப் படையினர் தங்கள் கோஷ்டிக்குக் கை தட்டினார்கள். பேட்டைப் பிள்ளைகள், கடைக்காரர்கள், கிழவர்கள் ஆகியோருக்கு எந்தக் கோஷ்டியும் 'நம்முடையது' ஆகவில்லை. இது ஒரு கோஷ்டியின் விதி மட்டுமன்று. புதிய லீக்கின் முதல் சாம்பியனான பாங்காக் பாங்கியின் கோஷ்டியும் பின்னர் மறைந்தது. 2003-லும் 2004-லும் லீக்கை வென்ற குருங் தாய் பாங்கியின் கோஷ்டி, 2009-ல் ஒரு கண்ணாடிக் கம்பெனிக்குக் கை மாறிற்று.

வெளியூர்களின் கதை வேறு விதமாகத் தொடங்கிற்று. தலைநகரத்துக்குத் தென்கிழக்கே கடலோரத்தில் சோன்புரி என்று ஒரு பட்டணம் உண்டு. 'ஜலபுரி' என்பதே அப்பெயரின் மூலம். மாகாணங்களுக்கென்று தனியே நடந்த லீக்கிலிருந்து மேலேறி வந்த சோன்புரிக் கோஷ்டி, 2007-ல் தேசத்தின் சாம்பியன் ஆயிற்று. மாகாணக் கோஷ்டி ஒன்று அப்படி வென்றது அதுவே முதல் தடவை. இலாகாவின் பெயருக்குப் பதிலாக ஊரின் பெயரைச் சொல்லிக் கோஷமிடும் கூட்டத்தைத் தாய்லாந்தின் லீக் அன்று கண்டது. 2009-ல் ஆசியச் சம்மேளனத்தின் நிபந்தனைப்படி கோஷ்டிகள் யாவும் பதிவு பெற்ற கம்பெனிகளாக மாறின. மைதானங்களிலும் கூட்டம் பெருகிற்று.

இதிலும் ஒரு முள் இருக்கிறது; அதை மறைப்பது நேர்மையாகாது. 2008-ல் சாம்பியனான மாகாண மின்சார இலாகாவின் கோஷ்டி அயோத்தியா நகரத்தில் ஆடிவந்தது. அரசியல்வாதியும் செல்வந்தருமான நெவின் சிட்சோப் அதை வாங்கி, 2010-ல் வடகிழக்கே உள்ள புரிராம் என்னும் தம் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். அயோத்தியாவில் அன்று மாலை வெறிச்சோடிய மைதானத்தைப் பார்த்து நின்றவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! புரிராமிலோ கதை தழைத்தது. முப்பத்திரண்டாயிரம் பேருக்கு மேல் இடங்கொள்ளும் மைதானம் 2011-ல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டே கோஷ்டி லீக்கையும் இரண்டு கோப்பைகளையும் ஒருங்கே வென்றது. அப்பகுதியில் மலைமேல் நிற்கும் பனோம்ருங் சிவாலயத்தின் உருவத்தைத் தன் சின்னமாகத் தரித்துக்கொண்டது. அதன் பிறகு தேசத்தின் சாம்பியன் பட்டத்தைப் பல முறை பெற்று, ஆசியப் பந்தயத்தில் கால் இறுதி வரையிலும் போயிருக்கிறது. ஆயினும் ஒரு தனவந்தர் கொண்டுவந்ததை வேறொரு தனவந்தர் கொண்டுபோகவும் கூடும் அல்லவா? அந்நாள் வந்தால் புரிராம் ஜனங்கள் விட்டுக்கொடுப்பார்களா என்பதில்தான் கோஷ்டியின் ஆயுள் இருக்கிறது.

ஆசியப் பட்டமோ தாய்லாந்துக்கு மீண்டும் கிட்டவில்லை. 2003-ல் பி.இ.ஸி. தெரோ ஸாஸனா என்னும் கோஷ்டி இறுதிப் பந்தயம் வரையில் போய், அரபு நாட்டு அல் அய்ன் கோஷ்டியிடம் மொத்தத்தில் ஒரே கோல் வித்தியாசத்தில் பட்டத்தை இழந்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கண்டத்தின் தலைமைப் பட்டத்தை வென்ற கோஷ்டி இன்று வரையில் அந்தப் பாங்கிக் கோஷ்டி ஒன்றுதான்.

மறு நாள் மாலை அந்தச் சிறுவனைக் கூப்பிட்டு, "நேற்று நீ கேட்டாயே, அது எந்த ஊருக்கும் சொந்தமாக இருக்கவில்லையப்பா. அதனால்தான் இன்றைக்கு இல்லை" என்றேன். அவன் சற்று யோசித்தான். "அப்படியானால் அந்தக் கோப்பைகளெல்லாம் யாரிடம் இருக்கும், ஸார்?" என்று கேட்டான்.

அதற்கும் எனக்கு விடை தெரியவில்லை. கோப்பையைப் பூட்டி வைக்கப் பெட்டி ஒன்று போதும். அதை வென்ற கதையைச் சொல்வதற்குத்தான் ஒரு ஊர் வேண்டியிருக்கிறது.